லினக்ஸ் கணினியில் வரைவியற் செலுத்தி: நிறுவலும் தடைகளும் - ஒரு விளக்கக் குறிப்பு

கணினியை இயக்கியதும் தயாரிப்பாளரின் சின்னம் ஒரு கணம் தோன்றி மறைகின்றது. அதன் பின்னர் திரை இருண்டுவிடுகின்றது. விசிறி சுழல்கின்றது, விசைப்பலகையின் சிறுவிளக்கு எரிகின்றது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. லினக்ஸ் பணிசெயல் முறைமையைத் தமது மேசைக் கணினியில் நிறுவியோர் பலர் என்றோ ஒருநாள் இந்நிலையை எதிர்கொண்டிருப்பர். மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவை முடித்துக்கொண்டதை அடுத்து, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய கணினிகளை வைத்திருப்போர் லினக்ஸின் பக்கம் திரும்புவது இயல்பாயிற்று. எனவே இத்திரை இருளைப் பற்றித் தமிழில் ஒழுங்குபட எழுதவேண்டிய தேவை இன்று உள்ளது.

இக்கட்டுரையாளர் இலக்கிய மாணவர், பொறியியலாளர் அல்லர். ஆயினும் பழைய சஞ்சிகைகளைப் படியெடுத்தும் தட்டச்சு செய்தும் பேணுகின்ற எவருக்கும் கணினி இன்று ஏட்டுச்சுவடிப் பெட்டியை ஒத்தது. அப்பெட்டி திறக்க மறுக்கும்போது, திறவுகோல் யாரிடமுள்ளது என்ற வினா எழுவது தவிர்க்கவியலாதது. வரைவியற் செலுத்தி யாது, அதனை நிறுவுதல் ஏன் சில அட்டைகளில் இலகுவாகவும் சிலவற்றில் இடர்மிக்கதாகவும் உள்ளது, தடை ஏற்படின் எவ்வொழுங்கில் ஆராய்தல் வேண்டும் என்பனவே இங்கு நோக்கப்படுகின்றன.

1

கணினியின் மையத்தில் நின்று நினைவகம், வட்டு, விசைப்பலகை முதலிய அனைத்தையும் ஆளும் நிரற்றொகுதி கேர்ணல் எனப்படும். திரையில் உருவங்களைத் தோற்றுவிக்கும் சில்லு வரைவியல் அட்டையில் உள்ளது. நமது கடைகளில் 'வீ.ஜீ.ஏ. கார்ட்' எனக் கேட்டு வாங்குவது இதனையே. கேர்ணலின் மொழி ஒன்று. அட்டையின் மொழி வேறொன்று. இரண்டுக்கும் நடுவே நின்று பேசும் நிரலே செலுத்தி, அதாவது ட்ரைவர். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் துரைக்கும் குடிகளுக்கும் இடையே நின்ற துபாஷியின் நிலையை இதற்கு ஒப்பிடலாம். துபாஷியின் செல்வாக்கு அவன் அறிந்த மொழியிலிருந்து மாத்திரம் பிறந்ததன்று. அம்மொழியை ஏனையோர் அறியாதிருந்தமையிலிருந்தும் பிறந்தது. இவ்வொப்புமையின் பொருத்தம் பின்னர் தெளிவாகும்.

செலுத்தி ஒரே துண்டாக அமைவதில்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். அதனுள் நான்கு படைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, கேர்ணலினுள் ஏற்றப்படும் கூறு. இது மொடியூல் எனப்படும். இரண்டாவது, பயன்பாட்டு நிரல்களோடு தொடர்புறும் நூலகங்கள். திறந்த செலுத்திகளைப் பொறுத்தவரை இவை பெரும்பாலும் மேசா என்னும் தொகுதியினுள் அடங்குவன. மூன்றாவது, சாளரங்களைத் திரையில் ஒழுங்குபடுத்தும் எக்ஸ் அல்லது வேலண்ட் முறைமை. நான்காவது, அட்டைக்குள்ளேயே சென்று இயங்கும் நிலைப்பொருள். இந்நான்கினுள் ஒன்று பிழைத்தாலும் விளைவு ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே தோன்றும்: இருண்ட திரை, அல்லது பெருத்த எழுத்துக்களுடன் மங்கிய திரை. நோயின் குறி ஒன்றாயிருக்கக் காரணம் பலவாயிருத்தலே இங்குள்ள சிக்கலாகும்.

2

இன்ரெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகிய மூன்றுமே மேசைக் கணினிகளில் பெருவழக்காகக் காணப்படும் வரைவியற் சில்லுகளின் தயாரிப்பாளர்கள். முதலிரண்டினதும் செலுத்திகள் கேர்ணலுடனேயே வருகின்றன. பயனர் பெரும்பாலும் எதனையும் தனியே நிறுவவேண்டியதில்லை. மூன்றாவதிலேயே நிறுவல் ஒரு பிரச்சினையாகின்றது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. அதனை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு செலுத்தியின் கதை உள்ளது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு சீறொக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை வழங்கியது. முன்னைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனருக்கு அறிவிக்குமாறு அதன் நிரலை ஆய்வுகூடத்தினர் திருத்தியிருந்தனர். புதியதன் மூலநிரல் அவர்களுக்குத் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், வெளியிடுவதில்லை என ஒப்பந்தம் செய்திருந்தமையால் மறுத்துவிட்டார். இந்நிகழ்ச்சியை ரிச்சட் ஸ்ரோல்மன் பிற்காலத்தில் பல இடங்களில் எடுத்துரைத்துள்ளார். 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமத்தின் முதற்பதிப்பும் 1991இல் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தன. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கேர்ணல் 1992இல் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. நிரலைப் பெறுவோர் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பகிரும்போது அதே உரிமையைப் பிறருக்கும் வழங்கவேண்டும் என்பதே இதன் சாரம்.

ஏ.எம்.டி. நிறுவனம் 2006இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை வாங்கி, 2007இல் தனது வரைவியற் சில்லுகளின் விவரணங்களை வெளியிடும் கொள்கையை அறிவித்தது. இன்றைய ஏ.எம்.டி. அட்டைகளின் திறந்த செலுத்தி 2015இல் வெளிவந்த 4.2ஆம் கேர்ணலிலிருந்து அதன் பகுதியாக இருந்துவருகின்றது. என்விடியா இவ்வழியிற் செல்லவில்லை. லினக்ஸுக்கென அது செலுத்தி வழங்கியதாயினும் மூலநிரலை மூடியே வைத்திருந்தது. ஆகவே தன்னார்வலர்கள் அட்டையின் நடத்தையை வெளியிலிருந்து அவதானித்து, அதன் மொழியைத் தாமே ஊகித்தறிந்து நூவோ என்னும் செலுத்தியை எழுதினர். தெரியாத எழுத்துக்களில் அமைந்த கல்வெட்டைப் படிப்போரின் உழைப்புக்கு இது நிகரானது. 2010இல் வெளிவந்த 2.6.33ஆம் கேர்ணலில் நூவோ சேர்க்கப்பட்டது. 2014இல் அறிமுகமான 900 வரிசை அட்டைகளிலிருந்து, நிறுவனத்தின் கையொப்பமில்லாத நிலைப்பொருளை அட்டை ஏற்க மறுத்தது. இதனால் அவ்வட்டைகளின் வேகத்தை உயர்த்த நூவோவினால் இயலாது போயிற்று. 2012இல் பின்லாந்தின் ஆல்ரோ பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கலந்துரையாடலில் தோர்வால்ட்ஸ் இந்நிறுவனத்தைப் பகிரங்கமாகவும் கடுமையாகவும் சாடியமை பலரும் அறிந்ததே.

2022 மே மாதத்தில் என்விடியா தனது கேர்ணல் மொடியூல்களின் மூலநிரலை வெளியிட்டது. இம்மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடல் கூடாது, மிகைப்படுத்தலும் கூடாது. வெளியிடப்பட்டது முதற்படை மாத்திரமே. அதுவும் 2018இல் அறிமுகமான ரியூறிங் தலைமுறையிலும் அதற்குப் பின்னரும் வந்த அட்டைகளுக்கே பொருந்தும். பயனர்ப் பகுதி நூலகங்களும் நிலைப்பொருளும் மூடியே உள்ளன. முன்னைய தலைமுறை அட்டைகளை வைத்திருப்போருக்கு, அதாவது பழைய கணினியை விட்டுவிட இயலாத வாசிகசாலைகளுக்கும் மாணவர்க்கும், இத்திறப்பினால் நேரடிப் பயன் எதுவுமில்லை.

3

நிறுவல் தோல்வியுறுவதற்கான காரணங்களை இவ்வரலாற்றின் பின்னணியில் வகுத்து நோக்கலாம்.

முதலாவதும் பெரிதுமானது கேர்ணல் மாற்றம். லினக்ஸ் கேர்ணலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. உள்ளிடைமுகத்தை நிலையாக வைத்திருக்கமாட்டோம் என்பது அதனை ஆக்குவோரின் பிரகடனப்படுத்தப்பட்ட நிலைப்பாடு. கேர்ணலுடன் வரும் ஆவணங்களிலேயே இதற்கான நியாயம் எழுதப்பட்டுள்ளது. பொதுக் களஞ்சியத்துக்குள் தன் நிரலை ஒப்படைத்தவருக்கு, உள்ளமைப்பை மாற்றுவோரே அவரது நிரலையும் சேர்த்துத் திருத்திக் கொடுப்பர். ஒப்படைக்காதவர் ஒவ்வொரு மாற்றத்தின் பின்னாலும் தாமே ஓடவேண்டும். வெளியில் நிற்கும் மொடியூல் ஒவ்வொரு புதிய கேர்ணலுக்கும் மீண்டும் தொகுக்கப்படல் அவசியம். இவ்வேலையைத் தானாகச் செய்வதற்கே டி.கே.எம்.எஸ். என்னும் ஏற்பாடு உள்ளது. அது இயங்குவதற்குத் தொகுப்பியும் குறித்த கேர்ணலின் தலைப்புக் கோப்புகளும் கணினியில் இருத்தல் வேண்டும். இவையில்லாதபோது புதிய கேர்ணல் வந்துவிடும்; அதற்குரிய மொடியூல் வராது.

இரண்டாவது, இரு செலுத்திகளின் மோதல். ஓர் அட்டையை ஒரு செலுத்தியே ஆளலாம். மூடிய செலுத்தியை நிறுவும்போது நூவோவைத் தடைசெய்யும் சிறு கோப்பொன்று எழுதப்படுகின்றது. தடை எழுதப்படாவிடின் நூவோ முந்திக்கொள்ளும். மூடிய செலுத்தியை அகற்றிய பின்னரும் தடைக் கோப்பு எஞ்சியிருப்பின் இரண்டும் இல்லாத நிலை ஏற்படும்.

மூன்றாவது, பாதுகாப்பான தொடக்கம் எனப்படும் செக்கியுவர் பூட். இது நடைமுறையிலிருக்கும் கணினி, ஏற்கப்பட்ட சாவியாற் கையொப்பமிடப்படாத மொடியூலை உள்ளே விடாது. மொடியூல் பழுதின்றித் தொகுக்கப்பட்டிருப்பினும் வாசலில் நிறுத்தப்படும். உபுந்து போன்ற வெளியீடுகள் இக்கணினிக்கெனத் தனிச்சாவியொன்றை ஆக்கி, நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்கின்றன. மறுமுறை கணினி தொடங்கும்போது நீலநிறத் திரையொன்று தோன்றி, ஏதாவதொரு விசையை அழுத்துமாறு சில வினாடிகளே காத்திருக்கும். அப்போது விசையை அழுத்தி, சாவியைப் பதியும் தெரிவை எடுத்து, அக்கடவுச்சொல்லைக் கொடுத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் வந்த அத்திரையைக் கண்டு அஞ்சிக் கடந்துவிடுவோரே பலர். பதிவு அங்கே தவறிவிடுகின்றது.

நான்காவது, பொருந்தாத கிளை. என்விடியா தனது செலுத்திகளை எண்ணிட்ட கிளைகளாக வெளியிடுகின்றது. ஃபேர்மி தலைமுறைக்குரிய இறுதிக் கிளை 390. அதன் ஆதரவு 2022இல் முடிந்தது. கெப்ளர் தலைமுறைக்குரிய இறுதிக் கிளை 470. அது 2024இல் முடிந்தது. அட்டையின் வணிகப் பெயரை நம்பிக் கிளையைத் தெரிவுசெய்தல் ஆபத்தானது. ஜி.ரி. 730 என்ற ஒரே பெயரில் ஃபேர்மிச் சில்லுடனும் கெப்ளர்ச் சில்லுடனும் அட்டைகள் விற்கப்பட்டுள்ளன. பெட்டியிலுள்ள பெயரினும் சில்லின் பெயரே நம்பத்தக்கது.

ஐந்தாவது, இரு நிறுவல் முறைகளைக் கலத்தல். வெளியீட்டின் பொதிகளினூடாக நிறுவுவது ஒரு முறை. நிறுவனத்தின் தளத்திலிருந்து கோப்பை இறக்கித் தாமே இயக்குவது மற்றொரு முறை. இரண்டாவதன் மேல் முதலாவதை இட்டாலும், முதலாவதன் மேல் இரண்டாவதை இட்டாலும் நூலகங்கள் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டுக் குழப்பம் நேரும். தக்க காரணமின்றி இரண்டாம் முறையை நாடாதிருத்தலே நன்று.

ஏ.எம்.டி. அட்டைகளில் இத்தகைய இடர்கள் அரிது. அங்கு பெரும்பாலும் குறைவது நிலைப்பொருட் பொதியே. டெபியன் வெளியீடு இத்தகைய பொதிகளைத் தனது நிறுவற் படிமங்களில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்னைய பதிப்புகளில் அவற்றைத் தனியே நிறுவவேண்டும்.

4

தடை நேர்ந்தபோது கையாளவேண்டிய ஒழுங்கு பின்வருமாறு. ஒரு படி முடிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். ஒரே வேளையில் இரண்டை மாற்றின், எது பலனளித்தது என்பதை ஒருபோதும் அறியமுடியாது.

முதலில் திரையின் வடம் எங்கு செருகப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தல் வேண்டும். தனி அட்டை பொருத்திய கணினியில், வடத்தைத் தாய்ப்பலகையின் துளையிற் செருகிவிட்டு மென்பொருளைக் குறைகூறுவோர் உளர்.

அடுத்து, கணினி தொடங்கும்போது ஷிஃப்ற் அல்லது எஸ்கேப் விசையினால் குரப் பட்டியலை வரவழைத்து, மேலதிகத் தெரிவுகளிலிருந்து முன்னைய கேர்ணலைத் தேர்ந்து தொடங்குதல் வேண்டும். முன்னையதில் திரை தெளிவாக வருமாயின், காரணம் புதிய கேர்ணலுக்குரிய மொடியூல் இன்மையே என ஏறத்தாழ முடிவுசெய்யலாம். முன்னையதிலும் வராவிடின், பட்டியலில் நின்று ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செற்' என்ற சொல்லை அதன் ஆங்கில எழுத்துக்களில் இடைவெளியின்றிச் சேர்த்து, எஃப் 10 விசையினால் தொடங்கலாம். இது அட்டையின் செலுத்தி திரையைக் கைப்பற்றாது தடுத்து, எளிய திரையைத் தரும். அவ்வொரு தொடக்கத்துக்கு மாத்திரமே இது செல்லும். நிலையான பரிகாரமாக இதனை எழுதிவைப்போர், சரியான செலுத்தியையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றனர்.

உள்ளே சென்றபின் சான்று திரட்டல் வேண்டும். எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை, கே என்னும் தெரிவுடன் கொடுக்கப்படுகையில், அட்டையின் சில்லையும் அதனை அக்கணத்தில் ஆளும் செலுத்தியையும் காட்டும். செலுத்தியின் வரியே இல்லாவிடின் எதுவும் ஏற்றப்படவில்லை என்பது பொருள். டி.கே.எம்.எஸ். கட்டளையிடம் நிலையைக் கேட்டால் எந்தக் கேர்ணலுக்கு மொடியூல் தொகுக்கப்பட்டது என்பது தெரியும். மோக்யூற்றில் என்னும் கட்டளை பாதுகாப்பான தொடக்கம் நடைமுறையிலுள்ளதா என்பதைக் கூறும். கேர்ணலின் நாட்குறிப்பை டி-மெசேஜ் கட்டளை காட்டும். அதில் சாவி நிராகரிக்கப்பட்டது என்றிருப்பின் மூன்றாவது காரணம். நூலகப் பதிப்பும் மொடியூற் பதிப்பும் பொருந்தவில்லை என என்விடியாவின் கருவி முறையிட்டால், பெரும்பாலும் புதுப்பித்த பின்னர் கணினியை மீளத் தொடங்காமையே குற்றம். மூடிய மொடியூல் ஏற்றப்பட்ட கேர்ணல் 'கறைபட்டது' என அந்நாட்குறிப்பிலேயே குறிக்கப்படும். இது பழுதன்று. இக்கேர்ணலில் நேரும் பிழைகளை எம்மால் ஆராய இயலாது என்னும் ஆக்குவோரின் அறிவிப்பாகும்.

பரிகாரம் சான்றைப் பின்பற்றும். உபுந்துவில் உபுந்து-ட்ரைவேர்ஸ் என்னும் கட்டளை, அட்டைக்குப் பொருந்தும் கிளைகளையும் பரிந்துரைக்கப்படுவதையும் பட்டியலிடும். டெபியனில் என்விடியா-டிரெக்ற் அதனைச் செய்யும். தடைக் கோப்பை எழுதினாலும் அகற்றினாலும், தொடக்க நினைவகப் படிமத்தை மீள ஆக்குதல் வேண்டும். இப்படி மறக்கப்படுவதனால் வீணாகும் மாலைப்பொழுதுகள் பல.

5

மேற்கூறியவற்றை விளக்க ஓர் அனுபவத்தைத் தருதல் பொருந்தும். எமது சங்க அறையிலுள்ள கணினியில், பழைய இதழ்களின் படிமங்களும் தட்டச்சு செய்த பக்கங்களும் இருந்தன. இதழை அச்சகத்துக்கு அனுப்பும் வாரத்தில், முறைமை புதுப்பிக்கப்பட்ட மறுநாள் திரை இருண்டது. வட்டையழித்து மீண்டும் நிறுவுவதே வழி எனச் சிலர் கூறினர். படிமங்களின் பிரதி வேறெங்கும் முழுமையாக இருக்கவில்லை.

முன்னைய கேர்ணலிற் தொடங்கியபோது திரை வந்தது. முதற்காரியமாகப் பிரதி எடுக்கப்பட்டது. அட்டை ஜி.ரி. 730, சில்லு ஜி.கே. 208 எனக் காணப்பட்டமையால் அது கெப்ளர் என்பது உறுதியாயிற்று. டி.கே.எம்.எஸ்.இன் பதிவேட்டில் எதுவுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் நல்லெண்ணத்துடன், நிறுவனத் தளத்திலிருந்து 470ஆம் கிளையின் கோப்பை இறக்கி நேரே நிறுவியிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. அன்றைய கேர்ணலுக்கு மாத்திரம் தொகுக்கப்பட்ட மொடியூல் புதியதில் இல்லை, நூவோவோ தடைசெய்யப்பட்டிருந்தது. அந்நிறுவியின் அகற்றும் தெரிவைக் கொண்டே செலுத்தி அகற்றப்பட்டது. திரை மங்கலாக வந்தது. எஞ்சியிருந்த தடைக் கோப்பை நீக்கி, தொடக்கப் படிமத்தை மீள ஆக்கியதும் நூவோ அட்டையை ஏற்றுக்கொண்டது. 470ஆம் கிளையை மீள நிறுவுவதா என்பது விவாதிக்கப்பட்டது. ஆதரவு முடிந்த கிளை அடுத்த கேர்ணலில் மீண்டும் எம்மைக் கைவிடும். எமது வேலை எழுத்தும் பக்க அமைப்புமே, விளையாட்டன்று. ஆகவே தன்னார்வலரின் செலுத்தியுடனேயே நின்றோம். கெப்ளர் அட்டைகள் நூவோவினால் நன்கு கையாளப்படுவனவற்றுட் சேர்ந்தவை என்பதும் எமக்கு வாய்ப்பாயிற்று.

6

இவ்வனுபவத்திலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். அட்டையை விலைகொடுத்து வாங்கியவர் நாம். ஆயினும் அதனோடு பேசும் மொழி எம்மிடம் விற்கப்படவில்லை. தயாரிப்பாளர் ஆதரவை முடித்துக்கொள்ளும் நாளிலேயே பழுதற்ற அட்டையும் பழையதாகிவிடுகின்றது. அதன் ஆயுளை நீட்டியது பொதுவில் வைக்கப்பட்ட அறிவும், அதனைத் திரட்டியோரின் கூட்டுழைப்புமே. தொழில்நுட்பம் என்ற பெயரில் எமக்கு முன்வைக்கப்படும் பல தடைகளின் கீழே உடைமையுறவு ஒன்று மறைந்திருப்பதை இச்சிறு உதாரணமும் காட்டுகின்றது.

மற்றையது, திறந்திருக்கும் அறிவும் எமது மொழியில் எழுதப்படாதவரை எமக்குப் பாதி மூடியதே. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் இந்நாட்டிலேயே தன்னார்வலரால் ஆக்கப்பட்ட சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பிறநாடுகளிலும் பயன்பட்டது. ஆக்கும் ஆற்றல் இங்கு இல்லை எனக் கூறமுடியாது. ஆயின் திரை இருண்ட ஒருவர் தமிழில் தேடிப் படிக்கத்தக்க குறிப்புகள் மிகச் சிலவே உள்ளன.

எனவே வாசகர் ஒவ்வொருவரும் தமது கணினியின் அருகே ஒரு குறிப்புப் புத்தகத்தை வைத்திருத்தல் நன்று. சில்லின் பெயர், செலுத்தியின் கிளை, நிறுவிய முறை, திகதி ஆகிய நான்கும் அதில் எழுதப்படட்டும். இயங்கிய முன்னைய கேர்ணலொன்றையாவது அழிக்காது வைத்திருங்கள். முதலில் பிரதி, பின்னரே பரிகாரம் என்ற ஒழுங்கைக் கைவிடாதீர்கள். எமது சங்கக் கணினியின் அருகே இப்போது அத்தகைய புத்தகமொன்று உள்ளது. அடுத்த ஆண்டுச் செயற்குழுவினருக்கு நாம் கையளிக்கும் பொருட்களுள் அதுவும் ஒன்றாகும்.